அடுப்போரத்துல ரீம்

தினம் காலையில துஹாமி ரீமோட முதுகுல கை வைப்பாரு. இடுப்பு எலும்பு ரெண்டுக்கும் நடுவுல நாலு விரல் பதியணும், வேட்டைநாய்க்கு அதான் அழகு. அவரு அப்பாவும் அப்படித்தான் பாத்தாரு. இப்ப விரல் வச்சா மெத்தை மாதிரி அமுங்குது.

"மப்ரூக்கா! மறுபடியும் குஸ்குஸ் சோத்தைப் போட்டியா?"

"நான் எங்க போட்டேன்? நீங்க வைக்கிற அரைக் கிண்ணத்தையே அது முழுசாத் தின்னல."

"அப்ப காத்தைக் குடிச்சா கொழுத்துச்சு? எந்நேரமும் உன் ரொட்டி அடுப்போரமே கெடக்குது. சும்மாவா கெடக்கும்?"

பொண்டாட்டிக்காரி ரீமோட தலையத் தடவிக் குடுத்தா. போன வருஷம் வரைக்கும் ரீம் எப்படி இருந்துச்சு! முயல் எந்திரிச்சா போதும், மணல்ல ஒரு கோடுதான் தெரியும். திரும்பி வந்து இவ மடியில தலைய வச்சு மூச்சு வாங்கும். அன்னைக்கெல்லாம் துஹாமி வழி நெடுகப் பாடிக்கிட்டே வருவாரு. அந்தப் பாட்டைக் கேட்டே எவ்வளவு நாளாச்சு.

"வியாழக்கிழமை தூஸ் சந்தையில செங்கல் சூளைக்காரன்கிட்ட குடுத்துடறேன். காவலுக்குக் கட்டிப் போட்டுக்குவான்."

சங்கிலியா? மத்த நாயெல்லாம் வெளிய கெடந்தாலும், வீட்டுப் பாயில படுத்த பிள்ளையாச்சே அது! மறுநாளே ரீமைத் தூக்கி அண்ணன் மகன் வண்டியில போட்டுட்டா மப்ரூக்கா.

"கொழுத்த நாய்க்கு வைத்தியமா? ஊரே சிரிக்கும்"னு முணுமுணுத்துக்கிட்டே துஹாமியும் ஏறிக்கிட்டாரு.

நாய் டாக்டர் ஒல்ஃபா வாலைத் தடவிப் பாத்தாங்க. முடியே இல்ல. "அடுப்போரம் எப்பலேர்ந்து படுக்குது?"

"ஆகஸ்டு வெயில்லகூட அங்கதான், மகளே," மப்ரூக்கா சொன்னா. "எனக்கே அங்க நிக்க முடியல."

"துஹாமி மாமா, அது ரொட்டிக்காகப் படுக்கல. அதுக்குக் குளிருது. தொண்டையில இருக்குற தைராய்டு சுரப்பி மந்தமாயிடுச்சுன்னு தோணுது. அப்படி ஆனா, பட்டினி போட்டாலும் உடம்பு ஊதும். ரத்தம் எடுத்து அனுப்புறேன்."

வண்டியில ஏறினதும் துஹாமி தன்னோட பர்னூஸ் அங்கியக் கழட்டி ரீம் மேல போத்தினாரு.

வியாழக்கிழமை சூளைக்காரன் கேட்டப்ப, "எந்த நாய்?"னாரு.

ரத்தச் சோதனையும் டாக்டர் சொன்னதையே சொல்லுச்சு. ஆயுசு பூரா மாத்திரை. காலையில துஹாமி ஒரு பேரீச்சம்பழத்தோட கொட்டையை எடுத்துட்டு, மாத்திரையை உள்ள வச்சு, அடுப்போரம் குந்தி ரீமுக்கு நீட்டுனாரு.

"ஓஹோ," மாவு பிசைஞ்சுக்கிட்டே சொன்னா மப்ரூக்கா, "இப்ப திருட்டுத்தனமா ஊட்டுறது யாராம்?"

அவரு ரீமோட முதுகுல கை வச்சாரு. விரல் அளக்கல. உள்ளங்கைய அப்படியே வச்சிருந்தாரு, அதுக்குச் சூடு ஏறட்டும்னு.