வராத விருந்தாளியின் தட்டு

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் போலந்து மாவட்டத்தில் ஓர் உயிரின் விலை இருநூறு ரூபிள். எங்களை ஆண்ட ரஷ்ய ஜார் மன்னருக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கியவனைக் காட்டிக்கொடுத்தால் கையில் கிடைக்கும். ஒளித்து வைத்தால் வீட்டுக்காரனுக்கு சைபீரியாச் சிறை, பண்ணைக்கு ஏலம். தானிய வியாபாரியான எனக்கு இது சுத்த நஷ்டக் கணக்கு. பண்ணையார் ஹிலாரி ரோகூஸ்கி ஒருவனை ஒளித்துத்தான் வைத்திருந்தார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் கோதுமை விலை பேசப் போனேன். வராத விருந்தாளிக்கென்று அன்று மேசையில் ஒரு தட்டைக் காலியாக வைப்பது அவர்கள் வழக்கம். அந்தத் தட்டின் முன்னால், தோளில் கட்டோடு, கிளர்ச்சிக்காரன் ஃபெலிக்ஸ் மீன் தின்றுகொண்டிருந்தான்.

"எசமான், மச்சுலயே குடுத்தா இவருக்குத் தொண்டையில இறங்காதா?" என்றேன்.

"இன்னிக்கு வந்தவன மேசையில உட்கார வைக்கலேன்னா நான் போலந்துக்காரனே இல்ல, லெய்சர்."

வெளியே குதிரைக் குளம்புச் சத்தம். ஃபெலிக்ஸ் மச்சுக்கு ஓடினான். ரஷ்யக் கேப்டன் பூட்ஸில் பனியோடு உள்ளே வந்தான். மேசையில் பண்ணையாரும் மனைவி ஸலோமேயாவும், தட்டு மூன்று. நான் ஓரமாக நின்றேன்.

"அது விருந்தாளிக்கு வச்சது, கேப்டன். எங்க வழக்கம்" என்றார் ஸலோமேயா.

"தெரியும். காலித் தட்டுல முள்ளு எப்படி வந்துச்சு?"

பண்ணையாருக்குப் பொய் வராது. நெஞ்சை நிமிர்த்தினார். உண்மையைச் சொல்லிவிட்டுப் பெருமையாக சைபீரியா போகத் தயாராகிவிட்டார், மச்சில் இருப்பவனைத் தூக்குக்கு அனுப்பிவிட்டு. நான் சட்டென்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"நான்தாங்க தின்னேன்."

"யூதன் நீ. இவங்க சட்டியில வெந்ததையா?"

"ஏழு கல் பனியில நடந்து வந்தேனுங்க. பசி."

"அப்படியா? என் கண்ணு முன்னால தின்னு பாப்போம்."

பன்றி வறுத்த சட்டியில் வெந்த மீன் அது; பன்றி பட்டது எதுவும் யூதருக்கு விலக்கு. என் அப்பா பஞ்சத்தில்கூடத் தொடாதது. ஒரு துண்டு தின்றேன். "இன்னொண்ணு" என்றான். அதையும் தின்றேன்.

"உப்பு கொஞ்சம் கம்மி, அம்மா."

ஸலோமேயா உப்பைத் தள்ளினார். கேப்டன் விழுந்து விழுந்து சிரித்தான். ஆனாலும் வெறுங்கையோடு போக மனமில்லை.

"அம்மா என்ன கறுப்புல இருக்காங்க? கிளர்ச்சியில செத்தவங்களுக்குக் கறுப்பு உடுத்தத் தடை இருக்கே. பத்து ரூபிள் அபராதம்."

"என் மகன் செத்துட்டான்."

"வீட்டுச் சாவுன்னா உடுத்தலாம். சாவுச் சான்றிதழ் இருக்கா?"

ஜாரோடு சண்டையிட்டுச் செத்தவனுக்குச் சான்றிதழ் யார் தருவார்? பண்ணையாரின் ரொக்கமெல்லாம் எப்போதோ துப்பாக்கியாகிவிட்டது. பத்து ரூபிளை நான் எண்ணிக் கொடுத்தேன். குளம்புச் சத்தம் தேய்ந்தது.

"லெய்சர், உனக்கு நான் என்னடா தரணும்?" என்றார் பண்ணையார்.

கணக்கு நோட்டை எடுத்து எழுதினேன். ரோகூஸ்கி எனக்குத் தர வேண்டியது: பத்து ரூபிள். நான் கடவுளுக்குத் தர வேண்டியது: மீன், இரண்டு துண்டு. இரண்டுக்கும் தவணை போடவில்லை.