நாலரை மணி நேரம்

புருஷன் ஊருக்கு வந்து முழுசாய் இரண்டு நாள் ஆகவில்லை, அதற்குள் அம்முலு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்கு வந்தாள் என்றால், சும்மாவா வருவாள்?

அவன் ஆசைப்பட்டுக் கேட்டானே என்று ஏரி மீன் வாங்கி, சாம்பல் போட்டு உரசிக்கொண்டிருந்தாள். வேதகிரி வாசலில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டு எல்லப்பனிடம் பெருமை அளந்துகொண்டிருந்தான். தோஹாவில் கம்பி கட்டுகிற வேலை அவனுக்கு. மூன்று வருடம் கழித்து வந்திருக்கிறான்.

"வர்றப்போ சாய்ங்காலம் ஏழு மணிக்கு ஏறுனேன், ராத்திரி ரெண்டு மணிக்கு மெட்ராஸ். போறப்போ இன்னும் ஷோக்கு. காலைல நாலு மணிக்கு ஏறுனா ஆறு மணிக்கு தோஹா!"

அம்முலுவின் கை நின்றது. போக இரண்டு மணி நேரம், வர ஏழு மணி நேரமா?

"யோவ், மீதி அஞ்சு மணி நேரம் எங்கயா எறங்குன? எவ வூட்ல?"

எல்லப்பன் நைசாக நழுவினான். வேதகிரி விழுந்து விழுந்து சிரித்தான்.

"அட லூசு! அங்க கடியாரம் நமக்கு ரெண்டரை மணி நேரம் பின்னால ஓடுது. இங்க ஏழுன்னா அங்க நாலரை. போனாலும் வந்தாலும் பிளேன்ல நாலரை மணி நேரந்தான்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ரெண்டு நாளு ஆவும்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன்?"

முதல்தடவை போனபோது பம்பாயில் இறக்கி ஒரு ராத்திரி காக்கவைத்தார்கள். மறுநாள்தான் அவனால் போன் பண்ண முடிந்தது. தோஹா என்றால் இரண்டு நாள் தூரம் என்று அன்றைக்கு அவள் மனசில் பதிந்தது. அவன் திருத்தவே இல்லை. திருத்தாமல் இருந்தது அவனுக்குச் சௌகரியமாகவும் இருந்தது.

இந்தத் தடவை அவன் போன ஆறாம் மாசம், குறைமாசத்தில் பையன் பிறந்தான். பெரியாஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் நாலு நாள் உயிரோடு இருந்தான். "நெனச்சா வர்ற தூரமா அம்முலு?" என்று போனில் இவன் அழுதான். பிள்ளையைப் பறிகொடுத்தவள், அவனுக்குத் தேறுதல் சொன்னாள். சொன்னாளே, பாவி!

"திருப்பதிக்கு பஸ்ல போவவே அவ்ளோ நேரம் ஆவும்யா. புள்ள நாலு நாளு கெடந்தான். அவ்ளோ கிட்டயா இருந்த நீ?"

"கம்பெனில லீவு குடுக்க மாட்டான் அம்முலு..."

"கேட்டியா?"

அவன் பீடியைத் தேடிச் சட்டைப் பையைத் தடவினான்.

"கேட்டியா, இல்லியா?"

"வேலய வுட்டு தூக்கிருவான்னு பயம். கேக்கல."

அம்முலு மீன் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். துக்கம் இல்லை, அத்தனையும் ஆத்திரம்.

"அவன் மாட்டேன்னு சொல்லியிருந்தா, ஆயுசுக்கும் அவனத் திட்டிக்கினு இருந்துருப்பேன். ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம, என் புருஷன் ரொம்ப தூரத்துல கீறாருன்னு சொல்லிக்கினு இருந்தேனே! எவ வூட்ல எறங்குனன்னு கேட்டேன் பாரு, அப்பிடி எவளாவது இருந்திருந்தாக்கூட தேவலாம்யா."

"அம்முலு..."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மீனைச் சட்டியோடு தூக்கிக்கொண்டுபோய் எல்லப்பன் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள்.