என் நாயகனின் கால் ஏன் துள்ளியது?

1

இந்தக் கதை என் திறமையிலிருந்து பிறக்கவில்லை. அரைகுறை அறிவிலிருந்து பிறந்தது.

வாராவாரம் நான் எழுதும் தொடரின் பன்னிரண்டாம் அத்தியாயத்தில், நாயகனின் முதுகில் கத்தி இறங்கியது. தண்டுவடம் துண்டு. நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. பதிமூன்றில் டாக்டர் அவன் முட்டிக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் துள்ளியது. ‘இவன் நடப்பான்!’ என்று டாக்டர் கூவினார். நான் பேனாவை மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தியாள் வந்தாள். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட்.

“மாமா, உங்க டாக்டர் எந்தக் காலேஜ்?”

“கதைதானேம்மா.”

“என் பேஷன்ட்டுக்கு இல்லயே. பெயின்டர் அவர். சாரத்துலேருந்து விழுந்து மூணு மாசம் ஆச்சு. உங்க ஆளுக்கு அடிபட்ட அதே இடம். அவர் காலும் அப்பப்போ துள்ளுது. சக்கர நாற்காலில ஏறப் பழகுங்கன்னா, ‘நடக்கப்போறவனுக்கு வண்டி எதுக்கு?’ன்னு உங்க பத்திரிகையைக் காட்டறாரு. முந்தாநாள் தனியா நிக்கப் பார்த்து விழுந்துட்டாரு.”

2

[இந்தப் பகுதியைத் தாண்டிப்போகலாம். நான் இருபத்தைந்து வருடம் இதையெல்லாம் தாண்டித்தான் எழுதிப் பிழைத்தேன்.]

மூளையின் உத்தரவு தண்டுவடம் வழியாக இறங்கி, நரம்புகளில் பிரிந்து, தசைக்குப் போகிறது. காலின் வலி, சூடு, கூச்சம் எல்லாம் அதே பாதையில் மேலே ஏறுகின்றன. நடுவில் பாதை அறுந்தால் இரண்டும் நின்றுவிடும். ஆனால் முட்டியில் தட்டினால் சேதி தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி வரை போய், அங்கேயே உத்தரவு வாங்கித் திரும்பிவிடுகிறது. மூளையை யாரும் கேட்பதில்லை. அறுந்த இடத்துக்குக் கீழே இந்தக் குறுக்குவழி பிழைத்திருக்கும். மேலிருந்து அதட்ட ஆளில்லாததால், பெற்றோர் ஊருக்குப் போன வீட்டுப் பிள்ளைகள் மாதிரி கால் கூடுதலாகவே ஆடும்.*

ஆக, கால் துள்ளியதை வைத்து நடை வரும் என்று சொல்ல முடியாது. என் டாக்டர் சொல்லிவிட்டார்.

* மூளையைக் கேட்காமலே வேலை நடக்கும் என்பதற்கு என் முந்தைய தொடர்களும் சான்று.

3

பதினான்காம் அத்தியாயம், முதல் முயற்சி:

‘டாக்டர் தலைகுனிந்தார். “மன்னிக்கணும், நான் அவசரப்பட்டு—”’

(என் டாக்டர்கள் இதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. கை ஓடவில்லை.)

இரண்டாவது:

‘திடுக்கிட்டு விழித்தான். எல்லாம் கன—’

(சீ!)

பத்திரிகை ஆசிரியரின் போன்.

“சார், அட்டைப்படம் அச்சுக்குப் போயாச்சு. நாயகன் உதைக்கறான், வில்லன் பறக்கறான். பிரமாதம்!”

“அவனால எழுந்திருக்க முடியாது சார்.”

“யார் சொன்னா?”

“தண்டுவடம்.”

“அவரு நம்ம சந்தாதாரரா?”

4

பத்திரிகை வெள்ளிக்கிழமை கடைக்கு வரும். புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெயின்டரின் கைக்கடிகார வாரில் இன்னும் பச்சைப் பெயின்ட். கட்டிலை ஒட்டி அவர் மனைவி. சுவரோரம் உறை பிரிக்காத சக்கர நாற்காலி.

“நீங்கதானா சார்! வெள்ளிக்கிழமை உங்க ஹீரோ எழுந்துடுவாருல்ல? அவர் நின்னதும் நானும் நின்னுடறேன்னு இவகிட்ட பந்தயம்.”

“அது வந்து... டாக்டர் கொஞ்சம் அவசரப்பட்டு...”

“அந்த டாக்டர் தங்கமான மனுஷன் சார். இங்க ஒருத்தரும் வாயைத் திறக்கறதில்ல. அவர் ஒருத்தர்தான் அடிச்சுச் சொன்னாரு.”

“அந்த டாக்டர் நான்தாங்க.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு போர்வையை விலக்கினார். கால் துள்ளியது.

“அப்போ நீங்களே சொல்லுங்க சார். நடப்பேனா?”

அவர் மனைவி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். உண்மையைச் சொல்லச் சொல்லியா, சொல்லாதே என்றா?

5

‘நான் வாயைத் திறந்து—’

இந்த மாதிரி இடத்தில் நிறுத்தி ஒரு வாரம் இழுப்பது எனக்குக் கைவந்த கலை. ஆனால் இது வார்டு. அவர் கண்ணெடுக்காமல் பார்க்கிறார்.

உண்மையைச் சொன்னால், அந்த நாற்காலியின் உறையைப் பிரிக்கும்போது யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். சொல்லாவிட்டால், வெள்ளிக்கிழமை அவர் நிற்கப் பார்க்கும்போது தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும்.

இரண்டில் ஒன்றை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எதை எழுதினாலும் சரி, அந்த நேரத்துக்கு நேரில் வந்துவிடுங்கள்.