வெளியில் பார்த்தால் தெரியாது

எங்கள் இளையோர் மனநல மருத்துவமனையில் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: வருகிற பிள்ளைகளை வெளியில் பார்த்தால் எங்களுக்கு யாரென்றே தெரியாது. பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம்; எண்தான். அதைச் சுவரில் எழுதி ஒட்டியதே நான்தான். இருபது வருஷ நர்ஸ். ஊசி போட்டால் குழந்தைகூட அழாது. வாய்தான் என் சொல்பேச்சு கேட்காது.

பதினேழாம் எண்ணுக்குப் பதினாறு வயது. டியூஷன் என்று வீட்டில் சொல்லிவிட்டுச் செவ்வாய்க்கிழமைகளில் வருவாள். "அம்மாகிட்ட சொல்ல மாட்டீங்கல்ல?" என்று முதல் நாளே நான்கு தடவை கேட்டாள். தூக்கமில்லை, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று டாக்டரிடம் வாய் திறக்க மூன்று வாரம் ஆயிற்று. ஐந்தாவது வாரம் என் அசட்டு ஜோக்குக்குச் சிரித்தாள். "அடுத்த வாரம் நானே அம்மாவைக் கூட்டிட்டு வரேன்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் செவ்வாய் அவள் வரவில்லை. நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காய்கறிக் கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டு நின்றாள். உயிரோடு இருக்கிறாளே! அந்தச் சந்தோஷத்தில் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

"அடி என் கண்ணு! செவ்வாய்க்கிழமை ஏன் வரலை? டாக்டர் எவ்வளவு நேரம் காத்திருந்தாங்க தெரியுமா?"

பக்கத்தில் நின்ற அவள் அம்மா திரும்பினாள். "எந்த டாக்டர்?"

"இவங்க யாருன்னே எனக்குத் தெரியாதும்மா" என்றாள் அவள்.

"ஆமாங்க, ஆள் மாறிப்போச்சு" என்றேன். அதற்குள் அம்மாவின் பார்வை என் சட்டையில் குத்தியிருந்த மருத்துவமனை அட்டைக்குப் போய்விட்டது. கழற்ற மறந்த அட்டை. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

திங்கட்கிழமை அம்மா வந்து கத்தினாள். "என் பொண்ணு என்ன பைத்தியமா? இனி இந்தப் பக்கமே வர மாட்டா!"

"அவளைத் தனியா விடாதீங்கம்மா" என்று டாக்டர் கெஞ்சினார்.

"எங்க பிள்ளையைப் பார்த்துக்க எங்களுக்குத் தெரியும்!"

ஒரு மாதம் கழித்து அவளைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தாள். கொளுத்துகிற வெயிலில் மணிக்கட்டு வரை முழுக்கைச் சட்டை. அம்மா அந்தக் கையை விடாமல் பிடித்திருந்தாள். ஓடிப்போய் அந்த அம்மாவின் காலில் விழலாமா என்று நினைத்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் எழுதி ஒட்டிய சட்டத்தை அவள்தான் இன்னும் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.