ஒன்பதை அழுத்தினால் திறக்கும்

கணவர் போய் நாலு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அந்த அம்மாள் வெளிவாசல் சாவியை மட்டும் வேலை மேசையிலேயே மறந்துவிட்டு வந்தாள். இரண்டு கையிலும் காய்கறிப் பை. அடுக்குமாடியின் வாசலில், சுவரில் பதித்த பொத்தான் பெட்டியில், பழக்கதோஷத்தில் விரல் வீட்டு எண் 304-ஐத் தட்டிவிட்டது.

அந்தப் பெட்டி அந்தந்த வீட்டில் இருப்பவரின் கைபேசியை அழைக்கும். அவர் எடுத்து ஒன்பதை அழுத்தினால் கதவு திறக்கும். 304-க்கு இன்னும் கணவரின் நம்பர்தான். காரியம் முடிந்த கையோடு அந்த நம்பரை ரத்து செய்துவிட்டு வந்தவளே அவள்தான்.

"என் புத்தி போற போக்கைப் பாரு" என்று பையைக் கீழே வைத்தாள்.

மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். நீளமாக ஒரு பீப். கதவு திறந்தது.

அவள் கணவர் பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். இன்ஜின் சத்தத்தில் காதைப் பாதி தொலைத்தவர். தனக்குக் கேட்காதது பெட்டிக்கும் கேட்காது என்று நினைப்பு. ஒன்பதில் வைத்த விரலை எடுக்கவே மாட்டார். "திறந்தாச்சு, விடுங்க" என்று கீழேயிருந்து எத்தனை நாள் கத்தியிருக்கிறாள். இதுவும் அதே நீளம்.

ஒருவழியாக மேலே போய் அலமாரியைத் திறந்து பார்த்தாள். அவருடைய போன் உயிரில்லாமல் கிடந்தது. சிம் இருந்த இடம் காலி.

மறுநாள் சாவி பையில் இருந்தும் 304-ஐத் தட்டினாள். நீளமான பீப். அதற்கடுத்த நாளும் அப்படியே. "நான்தான்" என்பாள். பதில் வராது, மெல்லிய இரைச்சல் மட்டும். ஐந்தாறு வாரம் இப்படியே ஓடியது. மகளிடம் மூச்சுவிடவில்லை, சொன்னால் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவாள். பயமில்லாமல் இல்லை. ஆனாலும் ஐந்தரை மணி ஆனால் கால் தானாக நடையைக் கட்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பீப் வெடுக்கென்று நின்றுவிட்டது.

"ஏங்க, இன்னிக்கு என்ன இவ்வளவு அவசரம்?" என்றாள்.

"யாருங்க அது?" என்றது ஒரு பெண்குரல்.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். "இது என் வீட்டுக்காரர் நம்பராச்சே."

"காலைலதான் இந்த சிம் வாங்கினேன் அக்கா. கதவைத் திறக்க ஒன்பதை அழுத்துன்னு மிஷின் சொல்லுச்சு. யாரோ வெளிய நிக்கறாங்களேன்னு அழுத்தினேன்."

"அப்ப நேத்து அழுத்தினது யாரு?"

"நேத்து இது யார்கிட்டயும் இல்லையே. அஞ்சு மாசமா சும்மா கிடந்த நம்பர்னு கடைக்காரர் சொன்னாரு." அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். "பரவால்ல அக்கா, எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க. நான் திறந்து விடறேன்."

மறுநாள் காலை, குடியிருப்புச் செயலாளரிடம் போய்த் தன் நம்பரைப் போடச் சொன்னாள்.

"பழைய நம்பர்தான் வேலை செய்யாதே. இத்தனை நாளா சாவி இல்லன்னா என்னம்மா பண்ணுனீங்க?"

"அவர் திறந்து விட்டார்."

செயலாளர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு நம்பரைத் தட்டினார்.

அன்று சாயங்காலம் 304-ஐத் தட்டி, தன் போனில் ஒன்பதை அழுத்தி, அவளே கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். கணவர் போனதிலிருந்து வராத அழுகை, இரண்டாவது மாடித் திருப்பத்தில் வந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.