பெருகிய தகடு

ஐயம்பேட்டைத் தொழிற்கூடத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, உடைய வேண்டிய அலுமினியத் தகடு ஒன்று உடையாமல் நான்கு விரற்கடை வளர்ந்தது. விமான இறக்கைக்காக அச்சில் அழுத்தி வளைத்த நாற்பது தகடுகளில் அது ஒன்று. ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம். இரு முனையையும் எந்திரப் பிடியில் பூட்டி, உடையும்வரை இழுத்து, எந்தச் சுமையில் உடைந்தது என்று எழுதினால்தான் மற்றவை வெளியே போகும். விரிசல் தெரிந்ததும் உரக்கச் சொல்வது காந்தாவின் வேலை. ஒன்பது ஆண்டுகளாக "உடைஞ்சிடுச்சு" என்றுதான் சொல்லிவந்தாள். அன்று அவள் கணவன் மாணிக்கவேலுக்கு இதய அறுவை. மகள் ஜெயப்ரியா மருத்துவமனையில் இருந்தாள். சும்மா உட்கார்ந்தால் நினைப்பு எங்கெங்கோ போகிறதென்று காந்தா வேலைக்கு வந்திருந்தாள். தாலிக்கயிறு அறுந்தால் இவ்வூர்ப் பெண்கள் அறுந்ததென்று சொல்வதில்லை, பெருகியது என்பார்கள். தகட்டின் நடுவில் விரிசல் ஓடியபோது அவள் வாயில் வந்தது அந்தச் சொல்தான்: "பெருகிடுச்சு." விரிசல் மூடிக்கொண்டது.

எந்திரம் இழுக்க இழுக்கத் தகடு வளர்ந்தது. பிடியை இருமுறை தள்ளிப் பூட்டினார்கள். இப்படியே போனால் மதியச் சாப்பாட்டுக்கு வாலாஜாபாத் போய்ச் சேர்ந்துவிடும் என்றான் எந்திரம் ஓட்டும் ராமராஜன். சோதனை அதிகாரி சத்யப்ரியா மூன்று முறை "உடைஞ்சிடுச்சு" என்று சொல்லிப் பார்த்தாள். விரிசலை மூடிய சொல் காந்தாவினுடையது; தகடு வேறு யார் சொன்னதையும் கேட்கவில்லை.

"நீங்க சொல்லுங்கக்கா. சாயந்தரம் லாரி வந்துடும். ஒரு வார்த்தைதான?"

"ஒரு வார்த்தைதாம்மா. அவரு நெஞ்ச தொறந்து வெச்சிக்கினு இருக்காங்க. இப்ப என் வாயால அத எப்டி சொல்லுவேன்?"

சத்யப்ரியா பிறகு கேட்கவில்லை. எந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, காந்தாவுக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். நான்கு மணிக்கு வந்த லாரி வாசலில் காத்து நின்றது. ஐந்தேகாலுக்கு ஜெயப்ரியா போன் செய்தாள். "அப்பா கண்ணு முழிச்சிட்டாரும்மா. கண்ணாடி எங்கன்னு கேக்குறாரு."

காந்தா எழுந்து, பதினோரு அடிக்கு நீண்டிருந்த தகட்டின் அருகே போனாள். பிறகு எந்திரத்தை ஓட்டச் சொன்னாள். "உடைஞ்சிடுச்சு" என்றாள், தூங்குகிறவர் பக்கத்தில் பேசுவதுபோல. தகடு நடுவில் இரண்டாயிற்று. உடைந்த சுமை, தகட்டின் வரைபடத்தில் கேட்டிருந்த அளவுக்குச் சற்று மேலேயே இருந்தது. லாரி கிளம்பியது.

அடுத்த மாதத்திலிருந்து பணி அட்டவணையில், வீட்டில் யாரேனும் மருத்துவமனையில் இருக்கிறார்களா என்று ஒரு கட்டம் சேர்ந்தது. அதில் குறியிட்டவர்கள் அன்று தகடு வளைக்கும் பகுதிக்குப் போய்விடுவார்கள். காந்தா இதுவரை இரண்டு முறை குறியிட்டிருக்கிறாள்.