பதினொன்றாம் மாடி இறங்கியாயிற்று

டிக் போடுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பதினான்கு மாடி, ஐம்பத்தாறு வீடு. எந்த மாடியில் தீயணைப்பானின் முள் பச்சையை விட்டு இறங்கியிருக்கிறது, எந்த மகராசன் மாடிப்படியில் சைக்கிளைச் சாத்தி வைத்திருக்கிறார், எந்தக் கதவு தானாக மூடிக்கொள்ள மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது, எல்லாம் எனக்கு அத்துப்படி. கட்டடத்தின் மேனேஜராக வந்த ஒன்பது வருஷமும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்கிறேன். "மேனேஜரம்மா வர்றாங்க, செருப்பு ஸ்டாண்டை உள்ள இழு" என்று கதவுக்குப் பின்னால் கிசுகிசுப்பது கேட்கும். அவர்கள் இழுத்து முடிக்கட்டும் என்று கொஞ்சம் மெதுவாகவே நடப்பேன்.

அப்படிப்பட்ட நான் ஐந்து தடவை பொய் டிக் போட்டேன். ஐந்தும் ஒரே ஆளுக்கு.

பதினொன்றாம் மாடியில் தனியாக இருந்தவரை ஆபரேட்டரம்மா என்றுதான் கூப்பிடுவோம். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர். இன்டர்காமை எடுத்தாலே "வணக்கம், சொல்லுங்க" என்று அப்படியொரு கணீர்க் குரல். வயது அறுபத்தொன்பது. இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருந்தன. வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார், வெளியே போக லிஃப்ட் இருந்தது. அதனால் விஷயம் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை தீ ஒத்திகை, அதாவது டிரில், நடத்த வேண்டும் என்பது விதி. மணி அடித்ததும் லிஃப்டை நிறுத்திவிடுவோம். எல்லோரும் படியில் இறங்கி வாசலுக்கு வர வேண்டும். நான் ரிஜிஸ்டரோடு நின்று வீடு வாரியாக டிக் போடுவேன். இறங்க முடியாதவர்களுக்கு ஒரு தனித் தாள் உண்டு. வாசலில் ஒரு சிவப்புப் பெட்டிக்குள் இருக்கும். தீயணைப்பு வண்டி வந்ததும் முதலில் அதைத்தான் திறப்பார்கள், அதில் இருக்கிறவர்கள் வீட்டுக்குத்தான் முதலில் ஓடுவார்கள்.

அவர் குடிவந்த பிறகு நடந்த முதல் டிரிலுக்கு முன்னால் அந்தத் தாளோடு ஆபரேட்டரம்மா வீட்டுக்குப் போனேன். பார்த்ததுமே அவர் முகம் சுருங்கிவிட்டது.

"என்ன மேனேஜரு, என்னை நொண்டிங்க கணக்குல சேர்க்க வந்தியா?"

"ஐயையோ, அப்படியெல்லாம் இல்லம்மா. ஒரு பாதுகாப்புக்குத்தான்."

"பாதுகாப்பாம் பாதுகாப்பு! இது என் பொண்ணு கண்ணுல பட்டுச்சுன்னா அடுத்த வாரமே வந்து என்னை மூட்டை கட்டித் தூக்கிட்டுப் போயிடுவா. அவ வீட்டுல ஒரு மூலையில உட்கார்ந்து டிவி பார்க்கணும். நான் மாட்டேன். என் பேரை எழுதாதே, ஆமா."

கடைசி வார்த்தையில் அந்தக் கணீர்க் குரல் உடைந்துவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. "சரி, எழுதலை" என்றேன்.

தாளில் இல்லையென்றால் அவர் இறங்கியவர் கணக்கில் இருந்தாக வேண்டும். இரண்டிலும் இல்லாத ஆளுக்கு விதியில் இடம் கிடையாது. அதனால் டிரில் அன்று காலையில் இன்டர்காமில் கூப்பிட்டு, "மணி அடிச்சா நீங்க அசையாதீங்கம்மா, நான் பார்த்துக்கறேன்" என்பேன். "நீ தங்கம்டி" என்பார். அப்புறம் ரிஜிஸ்டரில் அவர் வீட்டுக்கு நேரே டிக் போட்டு எழுதுவேன்: பதினொன்றாம் மாடி இறங்கியாயிற்று, நான்கு நிமிடம் பத்து விநாடி. பார்வையிட வந்த அதிகாரி, "நூத்துக்கு நூறா? பரவாயில்லையே!" என்று பாராட்டினார். நான் வெட்கமில்லாமல் சிரித்து, காபி வேறு கொடுத்து அனுப்பினேன்.

ஒரு புதன்கிழமை பிற்பகல், பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பிக்கத் தீயணைப்பு அலுவலகத்தில் காத்துக்கொண்டிருந்தேன். மடியில் அந்த ரிஜிஸ்டர். வாட்ச்மேன் போன் செய்தார்.

"மேடம், எட்டாம் மாடியில தீ. ஸ்கூட்டர் பேட்டரியை வராண்டாவுல சார்ஜ் போட்டிருக்காங்க, வெடிச்சிருச்சு. வண்டி வந்துருச்சு."

"பெட்டியில இருக்கற தாளைக் குடுத்தீங்களாண்ணே?"

"குடுத்துட்டேன். தாள்ல இருந்த ரெண்டு பேரையும் முதல்லயே தூக்கிட்டு வந்துட்டாங்க. மத்தவங்க இறங்கிட்டாங்க. உங்க ரூம்லதான் இன்டர்காம் விடாம அடிச்சுக்கிட்டே கெடக்கு. பூட்டிட்டுப் போயிட்டீங்க."

"அது கெடக்கட்டும், விடுங்கண்ணே" என்றேன்.

விடுங்கண்ணே என்றேன். இந்த வாயால்தான். அதோடு, சுவரில் சாய்ந்து ஒரு பெருமூச்சு வேறு விட்டேன். தாளில் இருந்தவர்கள் வந்துவிட்டார்கள், மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள், எல்லாம் முறைப்படி நடந்திருக்கிறது என்று. ஐந்து தடவை என் கையால் எழுதிய பொய்யை நானே நம்பியிருந்தேன். வெளியே ஓடி வந்து, ஆட்டோ பிடித்து, பாதி தூரம் வந்த பிறகுதான் உறைத்தது. அந்த இன்டர்காமில் கூப்பிடுவது யார் என்று. போனில் வாட்ச்மேனிடம் நான் கத்திய கத்தலில் ஆட்டோக்காரர் பிரேக் போட்டுவிட்டார்.

தீயணைப்பு வீரர்கள் பதினொன்றாம் மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது படிக்கட்டிலும் அவர் வீட்டிலும் முழுக்கப் புகை. தீ அந்த மாடியைத் தொடவே இல்லை. ஆபரேட்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம். இன்டர்காம் ரிசீவர் மடியில் கிடந்ததாம். உயிர் இல்லை.

என் அறையைத் திறந்து பார்த்தேன். எந்த வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள் என்று அந்தக் கருவி காட்டும். அவர் வீட்டிலிருந்து பதினேழு தடவை.

மறுநாள் குடியிருப்போர் சங்கத் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். டிரிலில் ஆபரேட்டரம்மா வாசலுக்கு வந்ததே இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

"ரிஜிஸ்டர் சுத்தமா இருக்கு மேனேஜரம்மா. வயசானவங்க, பயத்துல உட்கார்ந்துட்டாங்க, அவ்வளவுதான். நீங்க வாயைத் திறந்தா உங்க வேலை மட்டும் போகாது, உள்ள தூக்கி வச்சிடுவாங்க. பேசாம இருங்க."

ஒளிப்பானேன், பேசாமல்தான் இருந்தேன். விசாரணைக்கு வந்த போலீஸ்காரரிடம் ரிஜிஸ்டரைக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் உணர்ந்ததில்லை. ஆனாலும் பேசவில்லை.

மூன்றாம் நாள், எல்லாக் காரியமும் முடிந்த பிறகு, ஆபரேட்டரம்மாவின் மகள் என் அறைக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும். அம்மாவின் அதே நெற்றி. கண் காய்ந்துபோய் இருந்தது.

"இங்க டிரில் நடத்துவீங்களாமே. அந்த நோட்டைப் பார்க்கலாமா மேடம்?"

கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகத் தேடி, பதினொன்றாம் மாடி வந்த இடத்திலெல்லாம் விரலை வைத்தாள்.

"அஞ்சு தடவை இறங்கியிருக்காங்க."

அவள் மறுபடி முதல் பக்கத்துக்குப் போனாள்.

"நாலு நிமிஷத்துல இறங்கியிருக்காங்க. முட்டி வலின்னு சொல்வாங்க, கேட்டா ஒண்ணுமில்லைன்னு மழுப்பிடுவாங்க. அப்ப நல்லாத்தான் இருந்திருக்கு." அவள் ரிஜிஸ்டரை மூடவில்லை. "அப்புறம் ஏன் மேடம் அன்னிக்கு இறங்கல?"

"பயத்துல..." என்று ஆரம்பித்தேன். தலைவரின் வார்த்தை அது. பாதியில் விட்டுவிட்டேன்.

"எங்கம்மா எதுக்கும் பயப்பட மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை போன்ல எங்களுக்குள்ள சண்டை. என்கூட வந்து இருன்னு கெஞ்சினேன். செத்தாலும் இங்கதான் சாவேன்னாங்க. எனக்கு ஆத்திரம். 'அப்ப அங்கயே செத்துத் தொலை'ன்னு சொல்லிட்டு போனை வச்சுட்டேன்." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அவங்க செல்போன் அலமாரிக்குள்ள கெடந்துச்சு. ஞாயித்துக்கிழமையே அணைச்சு வச்சிருக்காங்க. யாரையும் கூப்பிடல. இறங்க முடிஞ்சும் இறங்கல. நான் சொன்னதுக்காகத்தானே அப்படியே உட்கார்ந்துட்டாங்க?"

அட கடவுளே. ஒரு பொய் டிக் ஒரு உயிரைக் குடித்தது போதாதென்று, இந்தப் பெண்ணின் தலையிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இவள் இதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோவாள், தன் பிள்ளைகளோடு சாப்பிட உட்காரும்போதும் கூடவே வைத்திருப்பாள். நான் சம்பளத்தை வாங்கிக்கொண்டு செருப்பு ஸ்டாண்டுகளை விரட்டிக்கொண்டிருப்பேன். த்தூ, என்ன பிழைப்பு இது.

"அவங்களால ஒரு மாடிகூட இறங்க முடியாதும்மா" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அஞ்சும் பொய். நான் போட்டது. அவங்க ஒரு தடவைகூட இறங்கல. முடியாதவங்க தாள்ல பேரை எழுதினா நீங்க வந்து கூட்டிட்டுப் போயிடுவீங்கன்னு அழுதாங்க. நான் எழுதல. எழுதியிருந்தா முதல்லயே தூக்கிட்டு வந்திருப்பாங்க." இன்டர்காமைக் காட்டினேன். "அப்புறம், கூப்பிடலைன்னு சொல்லாதீங்க. இந்த ரூமுக்குப் பதினேழு தடவை கூப்பிட்டிருக்காங்க. நான் இல்ல. அடிக்குதுன்னு வாட்ச்மேன் சொன்னாரு, விடுங்கன்னு சொன்னது நான். சாகணும்னு உட்கார்ந்த மனுஷி பதினேழு தடவை கூப்பிடுவாங்களா? உங்கம்மா உயிரோட இருக்கத்தான் ஆசைப்பட்டாங்க."

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

"பதினேழு தடவை கூப்பிட்டாங்கம்மா."

"இன்னொரு தடவை."

சொன்னேன். அவள் மேஜை மேலேயே தலையைக் கவிழ்த்து, "அம்மா, அம்மா" என்று ஓவென்று அழுதாள். மூன்று நாளாக வராத அழுகை. எழுந்துபோய்த் தோளைத் தொட்டேன். கையைத் தட்டிவிட்டாள்.

அடங்கிய பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இதை ஸ்டேஷன்ல சொல்வீங்களா?"

"சொல்றேன்."

"இப்பவே?"

"இப்பவே வர்றேன்மா."

"சொல்லாம விட்டிருந்தீங்கன்னா நான் என்னையே தின்னுக்கிட்டு இருந்திருப்பேன். அதுக்கு நன்றி." ரிஜிஸ்டரை மூடி என் பக்கம் தள்ளினாள். "ஆனா உங்களை நான் மன்னிக்க மாட்டேன். சாகறவரைக்கும் மாட்டேன்."

"வேண்டாம்மா."

"முன்னாடி போங்க. உங்க பக்கத்துல நடக்க என்னால முடியாது."

ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். அவள் பின்னால் வந்தாள்.